அத்தியாயம் 7: ‘பை’ எங்கே, ‘அன்டில்’ எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 20-க்குள் சரக்கு கப்பல் ஏறிவிடும் என்று ஜெர்மனியில் இருக்கும் பையருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மெர்ச்சண்டைசர் அவசரத்தில் இப்படித் தட்டுகிறார்: ‘வீ வில் ஷிப் த கூட்ஸ் அன்டில் ஜூன் 20.’

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிக்கலே அதுதான். பிழை இருந்தால் படிக்கிறவர் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்பார். இதுவோ சுத்தமான ஆங்கிலம், ஆனால் வேறு சேதி. ‘ஜூன் 20 வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம், அதற்கப்புறம் நிறுத்திவிடுவோம்’ என்று பையர் படித்துக்கொள்வார். சொல்ல நினைத்தது ‘வீ வில் ஷிப் த கூட்ஸ் பை ஜூன் 20.’

கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இந்தத் தவறுக்குச் சிவப்புக் கோடு போடாது. நீங்களே பிடிக்க வேண்டும். அதற்கு வழி ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது.

அடிப்படை: ஒரு தடவை நடப்பதா, நீடிப்பதா?

‘பை’ என்றால், அந்த நேரத்திலோ அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலுமோ காரியம் ஒருமுறை நடந்து முடிந்துவிட வேண்டும். ‘அன்டில்’ என்றால், ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பது அந்த நேரம் மட்டும் நீடிக்கும், அங்கே மாறும்.

‘பி ஹியர் பை ஃபைவ்’: அஞ்சு மணிக்குள்ள இங்கே வந்துடணும்.
‘பி ஹியர் அன்டில் ஃபைவ்’: அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே இருக்கணும், கிளம்பக்கூடாது.

மற்ற சொல்லெல்லாம் ஒன்றே. முதல் வாக்கியம் தாமதமாக வருகிறவருக்கு, இரண்டாவது சீக்கிரம் கிளம்புகிறவருக்கு. நூலகத்திலும் இதே கதைதான். ‘ரிட்டர்ன் த புக் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுங்கள். ‘யூ கேன் கீப் த புக் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை வைத்துக்கொள்ளலாம்.

ஃபினிஷ், சப்மிட், பே, ரிட்டர்ன், ரீச், டெலிவர் போன்ற வினைகளெல்லாம் ‘பை’ பக்கம். வெயிட், ஸ்டே, கீப், ஸ்லீப், கன்டின்யூ போன்றவை ‘அன்டில்’ பக்கம். ‘வொர்க்’ போன்ற வினை பெரும்பாலும் ‘அன்டில்’ உடன்தான் போகும். தேவையான கோட்பாடு இவ்வளவே.

தேர்ந்தெடுக்கும் முறை

1. சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

2. நேரத்தைக் குறிக்கும் சொல்லின் வாலைப் பாருங்கள். ‘-க்குள்ள’ வந்ததா, ‘வரைக்கும்’ வந்ததா? முதலாவது ‘பை’ பக்கம், இரண்டாவது ‘அன்டில்’ பக்கம்.

3. அங்கேயே எழுதிவிடாதீர்கள். வாலுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மணியா, தேதியா, கால அளவா, ஒரு செயலா, இடமா, தொகையா?

4. அதற்கேற்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து எழுதுங்கள்.

5. எழுதியதைத் திரும்பத் தமிழில் படியுங்கள். முதலில் சொன்னதே வந்தால் அனுப்பலாம்.

பலர் தவறுவது மூன்றாவது படியில்தான். தமிழில் ஒரே வால் பல வேலை பார்க்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் உண்டு.

‘-க்குள்ள’ வந்தால்

முன்னால் மணி அல்லது தேதி நின்றால் ‘பை’. ‘அஞ்சு மணிக்குள்ள’ என்பது ‘பை ஃபைவ்’. ‘திங்கக்கிழமைக்குள்ள’ என்பது ‘பை மண்டே’.

முன்னால் கால அளவு நின்றால் ‘வித்தின்’. ‘ரெண்டு நாளுக்குள்ள’ என்பது ‘வித்தின் டூ டேஸ்’. இதை ‘பை டூ டேஸ்’ என்று எழுதினால் நிஜமாகவே வேறு பொருள் வந்துவிடும். ‘த டெட்லைன் வாஸ் எக்ஸ்டெண்டட் பை டூ டேஸ்’ என்றால் கெடு இரண்டு நாள் நீட்டிக்கப்பட்டது. அங்கே ‘பை’ என்பது எவ்வளவு என்பதைச் சொல்கிறது, எப்போது என்பதை அல்ல. ‘இன் டூ டேஸ்’ என்பதும் ‘வித்தின்’ உடன் ஒட்டாது. அது பெரும்பாலும் இன்றிலிருந்து இரண்டு நாள் கழித்து என்றே படிக்கப்படும். பழுதுபார்க்க வருகிறேன் என்றவர் ‘இன் டூ டேஸ்’ என்று எழுதியிருந்தால் நாளைக்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

முன்னால் ஒரு செயல் நின்றால் ‘பை த டைம்’ அல்லது ‘பிஃபோர்’. ‘அப்பா வர்றதுக்குள்ள முடிச்சிடு’ என்பது ‘ஃபினிஷ் இட் பிஃபோர் அப்பா கம்ஸ்’. ‘பை அப்பா கம்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது. ‘பை’க்குப் பின்னால் எழுவாயும் வினையுமாக ஒரு முழு வாக்கியம் உட்கார முடியாது, ‘அன்டில்’க்குப் பின்னால் முடியும்.

> குறிப்பு: ‘இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாங்க’ என்று சொல்லும்போது வரும் ‘இந்நேரம்’தான் ‘பை நவ்’. ‘தே மஸ்ட் ஹாவ் ரீச்ட் பை நவ்.’ ‘அட் திஸ் டைம்’ என்று எழுதினால் அந்த ஊகத்தின் சாயல் போய்விடும்.

‘வரைக்கும்’ வந்தால்

மணி, தேதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘அன்டில்’. இடம் என்றால் ‘அஸ் ஃபார் அஸ்’: ‘கோயில் வரைக்கும் நடந்தோம்’ என்பது ‘வீ வாக்ட் அஸ் ஃபார் அஸ் த டெம்பிள்’. தொகை என்றால் ‘அப் டு’: ‘ஐநூறு ரூபாய் வரைக்கும் ஆகும்’ என்பது ‘இட் மே காஸ்ட் அப் டு 500 ருப்பீஸ்’. இவை இரண்டும் எளிது.

செயல் நின்றால்தான் கவனம் வேண்டும். ‘நீ வர்ற வரைக்கும் காத்திருக்கேன்’, ‘நான் உயிரோட இருக்கற வரைக்கும் உன்னைப் பார்த்துக்குவேன்’ என்ற இரண்டையும் பாருங்கள். வால் ஒன்றுதான். ஆனால் வருவது ஒரு நொடியில் நடந்து முடிகிற காரியம். உயிரோடு இருப்பது நீடிக்கிற நிலை. முதலாவதற்கு ‘ஐ வில் வெயிட் அன்டில் யூ கம்’ சரி. இரண்டாவதை ‘அன்டில் ஐ ஆம் அலைவ்’ என்று எழுதினால், ‘நான் உயிர் பெறும் வரை’ என்பது போல ஆகிவிடும்; இப்போது உயிரில்லை என்று அர்த்தம். சரியான வடிவம் ‘அஸ் லாங் அஸ் ஐ ஆம் அலைவ்’. ‘வேலையில் இருக்கும் வரை குவார்ட்டர்ஸ் உண்டு’ என்பதற்கும் ‘அஸ் லாங் அஸ் யூ ஆர் இன் சர்வீஸ்’ என்பதே பொருந்தும்.

சோதிக்க ஒரு வழி: ‘வரைக்கும்’ என்பதை எடுத்துவிட்டு ‘காலம் பூரா’ என்று போட்டுப் பாருங்கள். ‘நான் உயிரோட இருக்கற காலம் பூரா’ பொருந்துகிறது, எனவே ‘அஸ் லாங் அஸ்’. ‘நீ வர்ற காலம் பூரா’ பொருந்தவில்லை, எனவே ‘அன்டில்’.

எதிர்மறை வந்தால்: இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்

புகார்க் கடிதம், நினைவூட்டு மெயில், வக்கீல் நோட்டீஸ் என்று காசும் கோபமும் சம்பந்தப்பட்ட எழுத்தெல்லாம் எதிர்மறை வாக்கியத்தில்தான் ஓடும். அங்கேதான் தமிழும் ஆங்கிலமும் பிரிகின்றன.

‘பத்து மணி வரைக்கும் அவர் வரலை’ என்று தமிழில் சொன்னால், பத்து மணிக்கு அவர் வந்தாரா இல்லையா என்பது தெரியாது. அன்று முழுக்க வராமலே போயிருக்கலாம். அதை அப்படியே ‘ஹி டிட்ன்ட் கம் அன்டில் டென்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். படிக்கிறவருக்குக் கிடைக்கும் சேதி: அவர் பத்து மணிக்குத்தான் வந்தார். அதாவது வந்துவிட்டார்.

வராததை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ஹி ஹாட்ன்ட் கம் பை டென்.’ தமிழில் ‘வரைக்கும்’ என்று இருந்தும் ஆங்கிலத்தில் ‘பை’ வருகிற இடம் இது. வால் சோதனைக்கு இருக்கும் முக்கியமான விதிவிலக்கும் இதுவே. விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்திலோ, வருகைப் பதிவு பற்றிய கடிதத்திலோ இந்த வித்தியாசம் ஒருவரைத் தாமதமாக வந்தவராகவோ வராதவராகவோ ஆக்கிவிடும்.

இதன் உறவுக்காரர் ‘அன்டில் நவ்’. ‘இதுவரை பணம் திரும்ப வரவில்லை’ என்று எழுத நினைத்து, ‘ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் மை ரீஃபண்ட் அன்டில் நவ்’ என்று முடிக்கிறோம். ஆங்கிலக் காதுக்கு ‘இப்போதுதான் வந்தது’ என்ற சாயல் இதில் உண்டு. கஸ்டமர் கேரில் ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிறவர் ‘பணம் வந்துவிட்டதாம்’ என்று உங்கள் புகாரை மூடிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. எழுத வேண்டியது: ‘ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் மை ரீஃபண்ட் யெட்.’ அல்லது கடைசியில் ‘சோ ஃபார்’. இன்னும் உறைக்க வேண்டுமானால் தேதி போடுங்கள்: ‘அஸ் ஆஃப் 12 ஜூலை, ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் மை ரீஃபண்ட்.’ புகாரில் ‘யெட்’டை விடத் தேதிக்கு மதிப்பு அதிகம், ஆறு மாதம் கழித்துக் கோப்பைப் புரட்டுகிறவருக்கும் அது புரியும்.

‘கட்டாத வரை’ என்னும் பொறி

‘பாக்கியைக் கட்டாத வரை இணைப்பு கிடையாது.’ இதில் ‘கட்டாத’ என்பதைப் பார்த்துவிட்டு, ‘அன்டில் யூ டோன்ட் பே, வீ வில் நாட் ரீகனெக்ட்’ என்று எழுதிவிடுகிறோம். நம் நாட்டு ஆங்கிலத்தில் இது அலுவலகப் பலகைகளில்கூட ஏறிவிட்டது. ஆனால் ‘அன்டில்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘அது நடக்கும் தருணம் மட்டும்’ என்ற பொருள் இருக்கிறது. அதற்குப் பின்னால் ‘டோன்ட்’ போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்: கட்டாமல் போகும் தருணம் வரை இணைப்பு இல்லை, அதாவது கட்டுவதை நிறுத்தினால் இணைப்பு!

தீர்வு இரண்டு. ஒன்று, தமிழ் வாக்கியத்தையே நேர்மறையாக்குங்கள்: ‘கட்டும் வரை இணைப்பு கிடையாது.’ ஆங்கிலம் தானாக வந்துவிடும்: ‘வீ வில் நாட் ரீகனெக்ட் அன்டில் யூ பே.’ இரண்டு, ‘ஆத வரை’ என்பதை விடமாட்டேன் என்றால் ‘அஸ் லாங் அஸ் யூ டோன்ட் பே’. முதலாவதே நல்லது.

எச்சரிக்கை: இயந்திரம் உள்ள இடங்களுக்கு

பில் விஷயத்தில் இந்தத் தவறு வெறும் சிரிப்பு. சாயப்பட்டறை, பாய்லர் அறை, லிஃப்ட் குழி, மின்பலகை ஆகிய இடங்களில் அப்படி இல்லை. ‘விளக்கு அணையாத வரை கதவைத் திறக்காதே’ என்பதை ஒருவர் மொழிபெயர்த்துப் பலகையில் எழுதுகிறார். படிப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் புரிந்துகொள்கிறவர். அவருக்கு இரட்டை எதிர்மறை ஒரு பொறி.

பாதுகாப்புப் பலகை எழுதும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்:

1. ‘அன்டில்’ வேண்டாம். ‘ஒன்லி ஆஃப்டர்’ போடுங்கள். ‘ஓபன் த டோர் ஒன்லி ஆஃப்டர் த லைட் டர்ன்ஸ் கிரீன்.’ இதில் ‘நாட்’ இல்லை, குழப்பமும் இல்லை.

2. ‘கோஸ் ஆஃப்’ என்று எழுதாதீர்கள். விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அடிக்கிறது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு நிலை. ‘ஸ்டாப்ஸ்’, ‘டர்ன்ஸ் கிரீன்’ என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைச் சொல்லுங்கள்.

3. ஒரு வரியில் ஒரு கட்டளை. ‘ஸ்விட்ச் ஆஃப். வெயிட் ஃபைவ் மினிட்ஸ். தென் ஓபன்.’

4. அதே பலகையில் அங்கே வேலை செய்பவர்களின் மொழியிலும் எழுதுங்கள், படம் போடுங்கள். ஆங்கிலம் மட்டும் போதும் என்று நினைப்பது பலகை எழுதுகிறவரின் வசதிக்காக.

5. பலகையை மாட்டுவதற்கு முன், அந்த இயந்திரத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு ‘இதைப் படிச்சிட்டு என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். ‘புரியுதா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

‘வில்’ வேண்டாம்

‘வரும் வரை’ என்பதில் ‘வரும்’ எதிர்காலம் போல ஒலிப்பதால் ‘அன்டில் ஹி வில் கம்’ என்று கை தானாகப் போகும். ஆங்கிலத்தில் ‘அன்டில்’, ‘பை த டைம்’, ‘பிஃபோர்’ மூன்றுக்கும் பின்னால் எதிர்காலம் நிகழ்கால வேடத்தில்தான் வரும்: ‘அன்டில் ஹி கம்ஸ்’, ‘பை த டைம் ஹி கம்ஸ்’. ‘வில்’ வாக்கியத்தின் மறுபாதிக்குப் போய்விடும்: ‘ஐ வில் ஸ்டே ஹியர் அன்டில் ஹி கம்ஸ்.’

‘பை’ வரும் வாக்கியத்தில் ‘வில் ஹாவ்’ கட்டாயமா என்று கேட்பார்கள். இல்லை. ‘ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபைவ்’ தாராளமாகச் சரி; அது வாக்குறுதி. ‘ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் இட் பை ஃபைவ்’ என்றால் அஞ்சு மணிக்குப் பார்க்கும்போது வேலை முடிந்து கிடக்கும் என்று உறுதி கூறுவது. தினசரி மெயிலுக்கு முதலாவது போதும்.

அந்த நாளும் சேர்த்தியா?

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் உண்டா? பொது வழக்கில் உண்டு. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு முடிந்தது. ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால்? இங்கே ஆங்கிலேயர்களே சண்டை போடுவார்கள். ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவீர்கள் என்று பாதிப் பேரும், வெள்ளியும் லீவு என்று மீதிப் பேரும் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கர்கள் இதைத் தவிர்க்கத்தான் ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்று சொல்கிறார்கள்; அதில் வெள்ளி உறுதியாகச் சேர்த்தி.

சட்டமும் வணிகமும் இதைச் சும்மா விடவில்லை. இந்தியாவின் ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 1897-இன் 9-ஆம் பிரிவு, மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ என்று வந்தால் தொடக்க நாள் சேராது, ‘டு’ என்று வந்தால் கடைசி நாள் சேரும் என்று வகுத்திருக்கிறது. 10-ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளன்று அந்த இடம் மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாள் செய்தாலும் கெடுவுக்குள் செய்ததாகவே கருதப்படும். இது சட்டங்கள் விதிக்கும் கெடுவுக்கு. உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு இந்தச் சலுகை தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு இன்னொன்று. எல்.சி. எனப்படும் கடன் உறுதிப் பத்திரங்கள் பெரும்பாலும் சர்வதேச வர்த்தக சபையின் யுசிபி 600 விதிகளுக்கு உட்பட்டவை. 2007 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. அதன் 3-ஆம் விதிப்படி, சரக்கு ஏற்றும் காலத்தைக் குறிக்க ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ என்று வந்தால் குறிப்பிட்ட தேதியும் சேரும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று வந்தால் சேராது. வேடிக்கை என்னவென்றால், அதே ‘ஃப்ரம்’ பணம் கொடுக்க வேண்டிய முதிர்வுத் தேதியைக் கணக்கிட வரும்போது குறிப்பிட்ட தேதியைச் சேர்க்காது. ‘ஆன் ஆர் அபவுட்’ என்றால் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும், இரு முனைகளும் சேர்த்து. ஒரு தேதி தவறினாலும் வங்கி ஆவணத்தில் முரண்பாடு என்று நிறுத்திவிடும். எனவே எல்.சி.யில் வரும் இந்தச் சின்னச் சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

உங்கள் சொந்தக் கடிதங்களில் சண்டைக்கே இடம் வைக்காத வழி:

1. கெடு என்றால் ‘ஆன் ஆர் பிஃபோர் ஜூன் 20’. நம் ஊர் அரசு அறிவிப்புகளில் இது நிறையப் பார்த்திருப்பீர்கள். அலங்காரமில்லாத, கெட்டியான தொடர்.

2. லீவு என்றால் ‘ஃப்ரம் ஜூன் 16 டு ஜூன் 20, போத் டேஸ் இன்க்ளூசிவ்’. கூடவே திரும்பும் நாள்: ‘ஐ வில் பி பேக் ஆன் ஜூன் 23.’

3. நேரம் முக்கியமென்றால் நள்ளிரவு 12 மணியை எழுதாதீர்கள். ‘பை 12 மிட்நைட் ஆன் ஜூன் 15’ என்றால் 15 தொடங்கும் 12-ஆ, முடியும் 12-ஆ? 12.10 ரயிலுக்கு ஒரு நாள் பிந்தி ஸ்டேஷனுக்குப் போய் நின்றவர் உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பார். ‘11.59 பி.எம். ஆன் ஜூன் 15’ என்று எழுதுங்கள்.

4. வெளிநாட்டுக்கு எழுதினால் யாருடைய கடிகாரம் என்று சொல்லுங்கள். ‘பை இ.ஓ.டி. ஃப்ரைடே’ (எண்ட் ஆஃப் டே, அதாவது அன்றைய வேலை நேரம் முடிவதற்குள்) என்று நியூயார்க்கிலிருந்து வந்தால், அங்கே வெள்ளி மாலை 5 மணி என்பது சென்னையில் சனிக்கிழமை அதிகாலை. கோடையில் 2.30, குளிர்காலத்தில் 3.30, அங்கே கடிகாரத்தை மாற்றிவைக்கிற வழக்கத்தால் வரும் ஒரு மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலறியடித்து முடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்தால் நிம்மதி. நீங்கள் எழுதும்போது ‘6 பி.எம். இண்டியன் டைம்’ என்று சேர்த்துவிடுங்கள்.

அட்டையில் வரும்போது

உணவுப் பொட்டலத்தில் ‘யூஸ் பை’ என்றால் அந்தத் தேதிக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதற்குப் பின் சாப்பிடாதீர்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ சுவையையும் தரத்தையும் பற்றியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ கட்டாயம், ‘பெஸ்ட் பிஃபோர்’ விருப்பம். மருந்துப் பட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள்.

சில்லறைச் சந்தேகங்கள்

‘டில்’லும் ‘அன்டில்’லும் ஒன்றுதான். ‘டில்’ அதன் சுருக்கம் என்று நினைப்பார்கள். உண்மையில் ‘டில்’தான் பழைய சொல், ‘அன்டில்’ பின்னால் வந்தது. எழுத்துக்கூட்டலில் ‘டில்’லுக்கு இரண்டு ‘எல்’, ‘அன்டில்’லுக்கு ஒரே ‘எல்’. வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘அன்டில்’ அழகு.

‘லேட்டஸ்ட் பை மண்டே’ நம் ஊர் ஆங்கிலம். உள்ளூர் மெயிலில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக்கு எழுதும்போது ‘பை மண்டே அட் த லேட்டஸ்ட்’ என்று திருப்பிப் போடுங்கள்.

பயிற்சி

ஒரு தாளால் விடையை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. மார்ச் 31-க்குள்ள வரி கட்டணும்.
2. கரண்ட் வர்ற வரைக்கும் ஃபிரிட்ஜைத் திறக்காதே.
3. மூணு நாளுக்குள்ள பதில் வேணும்.
4. நான் ஸ்டேஷன் போறதுக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு.
5. ஆர்டர் போட்ட பொருள் இதுவரைக்கும் வரலை.
6. நீங்க கையெழுத்துப் போடாத வரைக்கும் செக் பாஸ் ஆகாது.
7. மழை பெய்யற வரைக்கும் இங்கேயே நிப்போம்.

விடைகள்:

1. ‘யூ மஸ்ட் பே த டாக்ஸ் ஆன் ஆர் பிஃபோர் மார்ச் 31.’ ‘பை’யும் சரியே.
2. ‘டோன்ட் ஓபன் த ஃபிரிட்ஜ் அன்டில் த பவர் கம்ஸ் பேக்.’ ‘வில் கம்’ என்று போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.
3. ‘ஐ நீட் எ ரிப்ளை வித்தின் த்ரீ டேஸ்.’
4. ‘பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்.’
5. ‘த ஐட்டம் ஐ ஆர்டர்ட் ஹாஸ் நாட் அரைவ்ட் யெட்.’
6. ‘த செக் வில் நாட் கிளியர் அன்டில் யூ சைன் இட்.’
7. இது கொஞ்சம் வில்லங்கமான கேள்வி. ‘மழை பெய்கிற காலம் பூரா’ என்பது பொருந்துகிறது. எனவே ‘வீ வில் ஸ்டே ஹியர் அஸ் லாங் அஸ் இட் இஸ் ரெய்னிங்.’ ‘அன்டில்’ வைத்தே சொல்ல விரும்பினால் மழை நிற்கும் தருணத்தைப் பிடிக்க வேண்டும்: ‘அன்டில் த ரெய்ன் ஸ்டாப்ஸ்.’ ‘அன்டில் இட் ரெய்ன்ஸ்’ என்று எழுதியவர்கள் வெயிலில் நின்று மழைக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் ‘வரைக்கும் வந்தால்’ பகுதியை இன்னொரு முறை படித்துவிட்டு எட்டாம் அத்தியாயத்துக்கு வரலாம்.